தட்டைச்சுருள்: சொல்லும் வடிவமும்

இண்டக்‌ஷன் அடுப்பின் கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தவர்களுக்கு இது கண்ணால் கண்ட பொருள்தான். நடுவில் கொஞ்சம் இடம் விட்டு, செம்புக் கம்பி ஒரே தளத்தில் கொசுவத்தி மாதிரி சுற்றிச் சுற்றி வெளியே வந்திருக்கும். ஆங்கிலத்தில் ‘ஃபிளாட் ஸ்பைரல் காயில்’ என்பார்கள், சிலர் ‘பேன்கேக் காயில்’ என்பார்கள். தமிழில் இதைத் தட்டைச்சுருள் என்று சொல்வதுதான் சரி என்பது என் கருத்து.

முதலில் சுருள். சுருண்டது, சுருட்டினான் என்று தினமும் புழங்கும் வினையின் பெயர் வடிவம் இது. ஓலைச்சுருள், வெற்றிலைச் சுருள், முடிச்சுருள் எல்லாம் இந்த வேரில் வந்தவை. நம் ‘சுருட்டு’ கடல் கடந்து போய் ஆங்கிலத்தில் ‘செரூட்’ ஆனது. ‘காயில்’ என்ற சொல்லுக்கோ பழைய பிரெஞ்சில் ‘சேர்த்தெடு’ என்றுதான் பொருள். ‘ஸ்பைரல்’ கிரேக்கத்தின் ‘ஸ்பெய்ரா’விலிருந்து லத்தீன் வழியாக வந்தது. சுற்றிய பொருள், சுற்றிய வடிவம் இரண்டையும் நம் ‘சுருள்’ ஒன்றே சொல்லிவிடுகிறது.

சிக்கலும் அங்கேதான். பேனாவுக்குள் இருக்கும் ஸ்பிரிங்கும் சுருள், டி.என்.ஏ.வும் இரட்டைச் சுருள், கொசுவத்தியும் சுருள். ஸ்பிரிங்கில் ஆரம் மாறாது, உயரம் ஏறிக்கொண்டே போகும். கொசுவத்தியில் உயரம் மாறாது, ஆரம் கூடிக்கொண்டே போகும். ஒவ்வொரு சுற்றுக்கும் ஆரம் ஒரே அளவு கூடினால் அது ஆர்க்கிமிடீஸ் ஆராய்ந்த சுருள். உருளையில் சுற்றிய முதல் வகைக்குப் பாடநூல்களில் ‘வரிச்சுருள்’ என்ற நல்ல சொல் நிலைத்துவிட்டது. இரண்டாவதற்கும் அப்படி ஒரு தனிப் பெயர் வேண்டும், அதற்குத்தான் ‘தட்டை’ என்ற முன்னொட்டு.

பேச்சில் இந்த வேறுபாடு பெரிதாகத் தெரியாது. கணினியில் மாதிரி அமைக்க உட்கார்ந்தால் உடனே தெரியும். காந்தப்புலத்தைக் கணக்கிடும் எஃப்.இ.எம்.எம். போன்ற இருபரிமாண மென்பொருளில், நீளவாக்கில் மாறாத வடிவங்களையோ அச்சைச் சுற்றிச் சமச்சீரான வடிவங்களையோ மட்டுமே வரைய முடியும். தட்டைச்சுருள் உண்மையில் அச்சைச் சுற்றிச் சமச்சீரானது இல்லை. ஆனால் சுற்றுகள் நெருக்கமாக இருந்தால், ஒவ்வொரு சுற்றையும் ஒரு மூடிய வளையமாகக் கொள்ளலாம். 25 சுற்று என்றால் அச்சுக்கு வலப்பக்கம் வரிசையாக, கம்பியின் வெட்டுமுகங்களாக 25 சிறு வட்டங்கள். அத்தனையும் ஒரே மின்சுற்றில் தொடராக இணைந்தவை என்று குறித்துவிட்டால் போதும்.

‘சுற்று’ என்ற சொல்லையும் இங்கே கவனியுங்கள். கைமுறுக்கு சுற்றுபவர்கள் ஏழு சுற்று, ஒன்பது சுற்று என்றுதான் எண்ணுகிறார்கள். மின்பொறியாளர் ‘டர்ன்’ என்பதும் அதேதான், வேறு சொல் தேட வேண்டியதில்லை.

முப்பரிமாணத்தில் வரைந்தால் வேறொரு பாடம் கிடைக்கும். முதல் தடவை நான் அழகாகச் சுருளை வரைந்து, இரண்டு முனைகளையும் காற்றில் தொங்கவிட்டேன். மென்பொருள் தீர்வு தர மறுத்துவிட்டது. மின்னோட்டம் ஒரு முனையில் நுழைந்தால் மறுமுனையில் வெளியேறியாக வேண்டும். உள்முனை நடுவில் மாட்டிக்கொண்டிருப்பதால், அதை மற்றச் சுற்றுகளுக்கு அடியில் கொண்டுபோய் வெளியே எடுக்க வேண்டும். வரிச்சுருளில் இந்தத் தொல்லை இல்லை.

சுருளின் மின்தூண்டல் எண்ணாக (இண்டக்டன்ஸ்) மென்பொருள் தரும் விடை சரிதானா என்று பார்க்க, அமெரிக்க வானொலிப் பொறியாளர் ஹரால்டு வீலர் 1928-இல் தந்த சூத்திரம் இருக்கிறது. சராசரி ஆரத்தின் வர்க்கத்தைச் சுற்று எண்ணின் வர்க்கத்தால் பெருக்கி, அதே ஆரத்தின் 8 மடங்கும் சுற்றுப்பட்டையின் அகலத்தின் (உள்சுற்றிலிருந்து வெளிச்சுற்று வரை) 11 மடங்கும் சேர்ந்த தொகையால் வகுக்க வேண்டும். அளவுகள் அங்குலத்தில் இருந்தால் மின்தூண்டல் எண் மைக்ரோஹென்றியில் வரும். உள்விட்டம் 40 மி.மீ., வெளிவிட்டம் 180 மி.மீ., 25 சுற்று என்றால் சுமார் 61. அடியில் ஃபெரைட் என்ற காந்தப்பொருள் வைக்காத மாதிரியில் மென்பொருள் 200 காட்டினால் எங்கோ பிழை.

அப்புறம் கம்பி. அடுப்பு இயங்கும் 25 கிலோஹெர்ட்ஸ் போன்ற அதிர்வெண்ணில் மின்னோட்டம் செம்பின் மேற்பரப்பை ஒட்டிச் சுமார் 0.4 மி.மீ. ஆழத்துக்குள்ளேயே பெரும்பாலும் ஓடும். அதனால்தான் அடுப்புச் சுருளில் மெல்லிய இழைகளை முறுக்கிய ‘லிட்ஸ்’ கம்பி. அது ஜெர்மன் சொல், பொருள் ‘புரி’. முப்புரி நூல் அறிந்த நாம் அதைப் பலபுரிக் கம்பி என்று தாராளமாகச் சொல்லலாம். டெஸ்லா 1894 ஜனவரியில் பெற்ற ‘மின்காந்தங்களுக்கான சுருள்’ காப்புரிமையில் இருப்பது வேறு வகை. அதில் இரண்டு கம்பிகளை முறுக்காமல் பக்கத்தில் பக்கமாக வைத்து ஒரே தளத்தில் சுற்றியிருப்பார். அதற்கு இரட்டைக்கம்பித் தட்டைச்சுருள் என்ற பெயர் பொருந்தும்.