அந்தப் பழைய சொட்டு மருந்தையே மறுபடி போடலாமா?

“போன தடவை நீங்க எழுதிக் கொடுத்த மருந்தையேதான் டாக்டர் போட்டுக்கிட்டு இருக்கேன். நல்லா கேட்குது.” கண் மருத்துவர்களின் காதில் அடிக்கடி விழும் பேச்சு இது. மருந்தை விடாமல் போட்டதற்கு ஒரு பாராட்டு கிடைக்கும் என்று சொல்பவர் எதிர்பார்ப்பார். எனக்கோ அந்த நேரத்தில் ஒரே கேள்விதான்: எந்த மருந்து? செயற்கைக் கண்ணீர் என்றால் கவலையில்லை. பாட்டிலில் பொடி எழுத்தில் பிரட்னிசலோன், டெக்ஸாமெத்தசோன், பீட்டாமெத்தசோன், ஃப்ளூரோமெத்தலோன், லோட்டிபிரட்னால், டைஃப்ளுபிரட்னேட் என்று ஏதாவது ஒன்று இருந்துவிட்டால், மற்ற பேச்சை ஒத்திவைத்துவிட்டு முதலில் கண் அழுத்தத்தைப் பார்த்துவிடுவேன். இவை எல்லாம் ஸ்டீராய்டுகள், அழற்சியை அடக்கும் மருந்துகள்.

ஸ்டீராய்டு என்றதும் பயந்துவிடவும் வேண்டாம். இந்த மருந்துகளுக்கு மூலமான, அட்ரீனல் சுரப்பியின் புறணி ஹார்மோன்கள் பற்றிய கண்டுபிடிப்புகளுக்கு 1950-இல் நோபல் பரிசு கொடுத்தார்கள். கண் மருத்துவத்தைப் பொறுத்தவரை அதற்கு முழுத் தகுதி உண்டு. கண்ணுக்குள் அழற்சி வந்து வெளிச்சத்தைப் பார்க்கவே முடியாமல் தவிக்கும் யூவியைட்டிஸ் நோயாளிக்கு இந்தச் சொட்டுதான் பார்வையைக் காப்பாற்றுகிறது. மாற்றுக் கருவிழி பொருத்தியவர்களுக்கு உடல் அதை நிராகரிக்காமல் பார்த்துக்கொள்வதும் இதுவே. கண்புரை அறுவைக்குப் பிறகு சில வாரங்களுக்கு இதை எழுதாத மருத்துவர்கள் அபூர்வம். ஆக, சிக்கல் மருந்தில் இல்லை. இரண்டு வாரத்துக்கு எழுதிய மருந்து இரண்டு வருடம் ஓடுவதில்தான் இருக்கிறது.

ஏன் ஓடுகிறது என்றால், இது அவ்வளவு சுகமான மருந்து. சிவப்பு, அரிப்பு, உறுத்தல், கண்ணீர் எல்லாம் ஒன்றிரண்டு நாளில் அடங்கிவிடும். எந்தக் காரணத்தால் சிவந்திருந்தாலும் ஏறக்குறைய அப்படித்தான். இதைவிட ஆபத்தான குணம் ஒரு மருந்துக்கு இருக்க முடியாது என்பது என் எண்ணம். கண் வெளுத்துவிட்டது என்பதற்கு, அழற்சி அடங்கியிருக்கிறது என்பதற்கு மேல் அர்த்தம் கிடையாது. நோய் போனதா, உள்ளே வேறெதுவும் கெடுகிறதா என்பது கண்ணாடி முன் நின்று பார்த்தால் தெரியாது.

உள்ளே என்ன நடக்கிறது? கண்ணின் முன்பகுதியில் ஒரு திரவம் ஓயாமல் சுரந்து, கருவிழியின் ஓரத்தில் இருக்கும் சல்லடை போன்ற திசு வழியாக வெளியேறிக்கொண்டே இருக்கிறது. சிலருக்கு ஸ்டீராய்டு அந்தச் சல்லடையில் தேவையற்ற பொருள்களைப் படியவைத்து அதை இறுக்கிவிடுகிறது. சுரப்பு குறைவதில்லை, வடிகால் மட்டும் அடைபடுகிறது, அழுத்தம் ஏறுகிறது. வழக்கமாக 10 முதல் 21 மில்லிமீட்டர் பாதரச அளவுக்குள் இருக்க வேண்டியது முப்பது, நாற்பது என்று போகும். மருந்து தொடங்கிய 2 முதல் 6 வாரங்களில் இது தலைகாட்டும்; குழந்தைகளுக்கு அதைவிடச் சீக்கிரமாகவும் ஏறலாம். ஏறிய அழுத்தம் பார்வை நரம்பை நசுக்கும். அதற்குப் பெயர் ஸ்டீராய்டு கிளாகோமா. பெரும்பாலும் வலிக்காது, சிவக்காது.

எல்லோருக்கும் இப்படி ஆவதில்லை. 1960-களில் ஆர்மாலி, பெக்கர் என்ற கண் மருத்துவர்கள் செய்த ஆய்வுகளிலிருந்து இன்றுவரை நாங்கள் கையாளும் கணக்கு இது: நாலைந்து வாரம் சொட்டு போட்டால் சுமார் மூவரில் ஒருவருக்கு அழுத்தம் ஓரளவு ஏறும், நூற்றில் ஐந்து பேருக்கு மிக அதிகமாக ஏறும். ஏற்கெனவே கிளாகோமா உள்ளவர்கள், பெற்றோருக்கோ உடன்பிறந்தவர்களுக்கோ அது இருப்பவர்கள், அதிகக் கிட்டப்பார்வை உள்ளவர்கள், சர்க்கரை நோயாளிகள், முடக்குவாதம் உள்ளவர்கள், குழந்தைகள் ஆகியோருக்கு வாய்ப்பு கூடுதல். உங்கள் கண் எந்தப் பக்கம் என்பதை முன்கூட்டிச் சொல்லும் சோதனை வழக்கத்தில் இல்லை. போட்டுப் பார்த்து, அளந்துதான் தெரிந்துகொள்ள வேண்டும். அதனால்தான் மருந்துச் சீட்டில் ‘இரண்டு வாரம் கழித்து வரவும்’ என்று எழுதுகிறோம். மருந்தின் பெயரைப் போலவே அந்த வரியும் சிகிச்சையின் ஒரு பகுதி.

என்னிடம் வந்த ஒரு கல்லூரி மாணவனைப் பற்றிச் சொல்கிறேன். அவன் யார் என்று தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன். கண்ணாடி பவர் மாற்ற வேண்டும் என்றுதான் வந்தான். சின்ன வயதிலிருந்தே ஒவ்வாமையால் கண் அரிப்பு. எழுத்து அட்டையில் கடைசி வரிவரை தடங்கலில்லாமல் படித்தான். கூட வந்திருந்த அம்மாவுக்கு நிம்மதி. அழுத்தம் வலது கண்ணில் 38, இடது கண்ணில் 34. பார்வை நரம்பின் நடுவில் எல்லோருக்கும் ஒரு சிறு குழி இருக்கும். இவனுக்கு அது அகன்று அகன்று கிட்டத்தட்ட விளிம்பைத் தொட்டிருந்தது. பார்வைப் பரப்புச் சோதனை செய்தபோது வலது கண்ணில் நடுவே மட்டும் ஒரு திட்டு மிச்சம். மேலும் கீழும் பக்கவாட்டிலும் போயிருந்தது. அந்த மிச்சத் திட்டை வைத்துக்கொண்டுதான் கடைசி வரியைப் படித்திருக்கிறான்.

மருந்து எப்படித் தொடர்ந்தது என்று கேட்டதற்கு மொபைலை நீட்டினான். பாட்டிலின் போட்டோ. முதல் தடவை ஒரு மருத்துவர் சில நாள்களுக்கு மட்டும் எழுதியது. சீட்டு தொலைந்துபோனாலும் போட்டோ இருந்தது. அரிப்பு வரும்போதெல்லாம் மருந்துக்கடையில் அதைக் காட்டி வாங்கியிருக்கிறான். ஸ்டீராய்டை நிறுத்தி, அழுத்தம் குறைக்கும் சொட்டுகள் கொடுத்தோம். இடது கண் அதிலேயே கட்டுக்குள் வந்தது. வலது கண்ணுக்கு அறுவை தேவைப்பட்டது. இருக்கும் பார்வையைக் காப்பாற்ற முடிந்தது, போனது போனதுதான். பார்வை நரம்பு திரும்ப வளராது. அவனுடைய அரிப்புக்கு ஒவ்வாமை எதிர்ப்புச் சொட்டும் சைக்ளோஸ்போரின் சொட்டும் குளிர் ஒத்தடமுமே போதுமானதாக இருந்தன என்பதுதான் எனக்கு இன்றும் ஆற்றாமை.

அழுத்தத்தோடு முடிவதில்லை. நீண்ட நாள் ஸ்டீராய்டு போட்டால் இளம் வயதிலேயே கண்புரை வரும். அதுவும் லென்ஸின் பின்புறத்தில், பார்வைக் கோட்டின் நடுவிலேயே படரும் வகை. வெயிலில் கண் கூசுகிறது, எதிரே வரும் வண்டியின் விளக்கு சிதறித் தெரிகிறது, படிக்கச் சிரமமாக இருக்கிறது என்பார்கள். இதை அறுவையில் சரிசெய்யலாம் என்பதால் நான் இதற்கு அவ்வளவாகப் பயப்படுவதில்லை.

நான் பயப்படுவது தொற்றுக்கு. இலையோ குச்சியோ கண்ணில் பட்டுச் சிறு கீறல் விழுகிறது. அதில் பூஞ்சை தொற்றுகிறது. கண் சிவக்கிறது. வீட்டில் இருந்த பழைய பாட்டிலை எடுத்துப் போடுகிறார்கள். மறுநாள் சிவப்பு குறைவதுபோல் தெரியும். ஸ்டீராய்டு அங்கே செய்தது, கிருமியோடு சண்டை போட வந்த படையைத் திருப்பி அனுப்பிய வேலை. சில நாளில் கருவிழியில் வெள்ளைப் புள்ளி. பிறகு அது புண்ணாகி ஆழமாகும். ஹெர்பிஸ் வைரஸும் இப்படித்தான்: கருவிழியில் மரக்கிளை வடிவில் மெல்லிய கோடாக இருக்க வேண்டிய புண், ஸ்டீராய்டு பட்டதும் தேசப் படம்போல் அகன்றுவிடும். ஹெர்பிஸ் கண்ணுக்கும் சில கட்டங்களில் நாங்களே ஸ்டீராய்டு கொடுப்பதுண்டு, வைரஸ் மருந்தைத் துணைக்கு வைத்துக்கொண்டு. எந்தக் கட்டம் என்பது ஸ்லிட் லாம்ப் என்ற கண் நுண்ணோக்கி வைத்துப் பார்ப்பவருக்குத்தான் தெரியும். தொலைபேசியில் “கண் சிவந்திருக்கு, ஏதாவது சொட்டு சொல்லுங்க” என்று கேட்கும் சொந்தக்காரர்களுக்கு நான் பதில் சொல்லாமல் நழுவுவதும் இதனால்தான். கர்வம் இல்லை.

இங்கே நிறையப் பேரை ஏமாற்றுவது கூட்டு மருந்துகள். டோப்ராமைசின், மாக்ஸிஃப்ளாக்சசின் போன்ற ஆன்டிபயாட்டிக்கோடு டெக்ஸாமெத்தசோனையோ பிரட்னிசலோனையோ சேர்த்து ஒரே பாட்டிலில் விற்கிறார்கள். அறுவைக்குப் பிறகு வசதியான மருந்து. வீட்டு அலமாரிக்கு வந்துவிட்டால் அது ‘கண் ஆன்டிபயாட்டிக்’ ஆகிவிடுகிறது. வீட்டில் யாருக்குக் கண்வலி வந்தாலும் அது வெளியே வரும். ஆன்டிபயாட்டிக் வைரஸையும் பூஞ்சையையும் தொடாது. ஸ்டீராய்டு அவற்றுக்கு வழிவிடும். மருந்துப் பெயரின் கடைசியில் ‘டி’, ‘டிஎக்ஸ்’, ‘எல்பி’ என்று ஒட்டு இருந்தால் பொடி எழுத்தைப் படித்துப் பாருங்கள். ஃப்ளூரோமெத்தலோனும் லோட்டிபிரட்னாலும் அழுத்தத்தை ஏற்றும் வாய்ப்பு குறைந்தவை, அவ்வளவுதான்; வாய்ப்பே இல்லாதவை அல்ல. ‘மைல்டு ஸ்டீராய்டு’ என்ற பேச்சை நம்பி மாதக்கணக்கில் போட்டவர்களும் என்னிடம் வந்திருக்கிறார்கள்.

இன்னொரு வகை நோயாளிகளும் உண்டு. இணையத்தில் ஸ்டீராய்டைப் பற்றிப் படித்துவிட்டு, அறுவை முடிந்த ஐந்தாம் நாளே சொட்டை நிறுத்திவிடுவார்கள். கண் மறுபடி சிவந்து, வலியோடு வந்து நிற்பார்கள். இந்தக் கட்டுரையும் அப்படி யாரையும் செய்யவைத்துவிடக் கூடாது. மருத்துவர் முதல் வாரம் 4 வேளை, அடுத்த வாரம் 3, பிறகு 2, 1 என்று படிப்படியாகக் குறைக்கச் சொல்வதற்குக் காரணம், சட்டென்று நிறுத்தினால் அடங்கியிருந்த அழற்சி திரும்ப எழும் என்பதே. குறைக்கும் அட்டவணையைக் குளிர்சாதனப் பெட்டிக் கதவிலோ காலண்டரிலோ ஒட்டிவையுங்கள். கடைசி நாளைச் சிவப்பு மையில் வட்டமிடுங்கள். பார்வை மங்கினால், வலி கூடினால், விளக்கைச் சுற்றி வளையம் தெரிந்தால் அடுத்த பரிசோதனை நாளுக்குக் காத்திராமல் போய்க் காட்டுங்கள்.

போடும் முறையைப் பற்றியும் கொஞ்சம். பிரட்னிசலோன் அசிடேட், ஃப்ளூரோமெத்தலோன் போன்றவற்றில் மருந்து துகளாக அடியில் தங்கியிருக்கும். குலுக்காமல் போட்டால் தெளிநீர்தான் கண்ணில் விழும். கையைக் கழுவி, கீழ் இமையை இழுத்துப் பிடித்து, ஒரே ஒரு சொட்டு. ஒரு சொட்டின் பெரும்பகுதியே வழிந்துவிடும் அளவுக்குத்தான் கண்ணில் இடம் இருக்கிறது. இரண்டாவது சொட்டு கன்னத்துக்குத்தான். பாட்டில் முனை இமையிலோ ரோமத்திலோ படக் கூடாது. போட்டதும் கண்ணை மெல்ல மூடி, மூக்கோரத்துக் கண் முனையை விரலால் ஓரிரு நிமிடம் அழுத்திக்கொள்ளுங்கள். சொட்டு போட்ட கொஞ்ச நேரத்தில் தொண்டையில் கசப்பதாகப் பலர் சொல்வார்கள். அந்த வழியாகத்தான் மருந்து மூக்குக்கும் ரத்தத்துக்கும் போகிறது. குழந்தைகளுக்கு இந்த அழுத்தல் மிக முக்கியம். வேறு சொட்டும் இருந்தால் ஐந்து நிமிட இடைவெளி; களிம்பு கடைசியில். கான்டாக்ட் லென்ஸ் போடுபவர்கள் சிகிச்சை முடியும்வரை கண்ணாடிக்கு மாறிவிடுவது உத்தமம். திறந்து நான்கு வாரமான பாட்டிலைப் பாதி மிச்சமிருந்தாலும் அப்புறப்படுத்துங்கள். அடுத்த தடவைக்கு என்று எடுத்துவைக்கும் அந்தப் பாதியில்தான் பல கதைகள் தொடங்குகின்றன.

மருத்துவர் சொல்லாமலே மாதக்கணக்கில் போட்டுவருபவர் இதைப் படிக்க நேர்ந்தால், இந்த வாரத்திலேயே கண் அழுத்தத்தை அளந்து, பார்வை நரம்பையும் பார்க்கச் சொல்லுங்கள். எப்படி நிறுத்துவது என்பதை அங்கேயே முடிவுசெய்யலாம். பலருக்கு நிறுத்திய சில வாரங்களில் அழுத்தம் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். நீண்ட நாள் போட்டவர்களுக்குத் திரும்பாமலும் போகலாம். ஆகவே ஒரு தடவை அளந்ததோடு விட்டுவிடாதீர்கள். ஒரு முறை ஸ்டீராய்டால் அழுத்தம் ஏறியவருக்கு அடுத்த முறையும் ஏறக்கூடும். அதனால் அந்த விவரத்தை மருத்துவக் கோப்பின் முதல் பக்கத்தில் எழுதிவையுங்கள்.

கண் இமையில் படை என்று தடவும் ஸ்டீராய்டு களிம்பு, மூக்கில் அடிக்கும் ஸ்ப்ரே, ஆஸ்துமா இன்ஹேலர், மூட்டுவலிக்கு விழுங்கும் மாத்திரை, இவையும் சிலருக்குக் கண் அழுத்தத்தை ஏற்றும். இன்ஹேலரை நீங்களாக நிறுத்திவிட வேண்டாம். கண்ணைக் காட்டப் போகும்போது இதெல்லாம் பயன்படுத்துகிறேன் என்று சொல்லுங்கள், நாங்கள் கேட்க மறந்தாலும்.