கடவுச்சொல் தணிக்கைக் கருவிகள் எவ்வாறு வேலை செய்கின்றன?

கடவுச்சொல்லில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து, எண், குறியீடு ஆகிய நான்கும் இருக்க வேண்டும் என்று ஒரு நிறுவனம் விதி வகுக்கலாம். ‘பாஸ்வேர்ட்’ என்ற ஆங்கிலச் சொல்லைப் பெரிய எழுத்தில் தொடங்கி, இறுதியில் @123 என்று சேர்த்தாலே அந்த விதி நிறைவேறிவிடுகிறது; ஆனால் ஊடுருவ நினைப்பவர் முதலில் முயன்று பார்க்கும் சொற்களில் அதுவும் ஒன்று. விதிக்கு உட்பட்டும் பலவீனமாக இருக்கும் இத்தகைய கடவுச்சொற்களைக் கண்டறியவே தணிக்கைக் கருவிகள் பயன்படுகின்றன.

முறையாக அமைந்த சர்வர், கடவுச்சொல்லை அப்படியே சேமிப்பதில்லை. ஒருவழிக் கணக்கீட்டால் கிடைக்கும் ‘ஹேஷ்’ மதிப்பை மட்டுமே வைத்திருக்கிறது. ஜான் தி ரிப்பர், ஹேஷ்கேட் போன்ற கருவிகள் அம்மதிப்பைத் திருப்பிப் பிரிப்பதில்லை. ஒரு சொல்லை ஊகித்து, அதன் ஹேஷைக் கணக்கிட்டு, சேமிப்பில் உள்ளதோடு ஒப்பிடுகின்றன. ஊகத்திற்கு அகராதிகளும், 2009இல் ராக்யூ தளத்திலிருந்து கசிந்த 3.2 கோடி கணக்குகளின் கடவுச்சொற்களைப் போன்ற பட்டியல்களும் உதவுகின்றன. ‘ஏ’ எழுத்துக்குப் பதில் @ இடுவது, இறுதியில் ஆண்டைச் சேர்ப்பது போன்ற மனித வழக்கங்களையும் கருவி தானாகவே பொருத்திப் பார்க்கிறது. எளிதில் ஊகிக்கக்கூடிய சொற்களைத் தேர்ந்தெடுக்கும் வழக்கம் புதியதல்ல: கணினி ஆய்வாளர்களான ராபர்ட் மோரிஸும் கென் தாம்சனும் 1979இல் வெளியிட்ட ஆய்வில், திரட்டிய 3,289 கடவுச்சொற்களில் 86 சதவீதம் மிகக் குறுகியவையாகவோ அகராதியில் உள்ளவையாகவோ இருந்தன.

விண்டோஸ் வலையமைப்புகளில் சேமிக்கப்படும் என்டிஎல்எம் ஹேஷில், ஒவ்வொரு கணக்குக்கும் தனியே சேர்க்கப்பட வேண்டிய ‘சால்ட்’ எனும் தற்போக்கு மதிப்பு கிடையாது. ஆகவே ஒரே கடவுச்சொல்லுக்கு எங்கும் ஒரே ஹேஷ்தான் கிடைக்கும். நிர்வாகி ஒருவரின் அன்றாடக் கணக்கும் அவருடைய உயர் உரிமைக் கணக்கும் ஒரே ஹேஷைக் கொண்டிருந்தால், கடவுச்சொல் இன்னதென்று தெரியாமலேயே ஆபத்து வெளிப்பட்டுவிடுகிறது. தணிக்கை தரும் தகவல்களில் மிகப் பயனுள்ளது இதுவே என்பேன். மாறாக, பிகிரிப்ட், ஆர்கான்2 போன்ற ஹேஷ் முறைகள் சால்ட்டைச் சேர்ப்பதோடு, ஒவ்வொரு ஊகத்தையும் வேண்டுமென்றே மெதுவாக்குகின்றன.

ஹேஷ் கோப்பு கசிந்தால் முழு வலையமைப்பும் ஆபத்தில் சிக்கும். எனவே தணிக்கைக்கு எழுத்துப்பூர்வ அனுமதி பெற்று, இணையத்தோடு இணைக்கப்படாத கணினியில் நடத்தி, பணி முடிந்ததும் கோப்பை அழித்துவிட வேண்டும். அறிக்கையில் எந்தக் கணக்கு பலவீனமானது என்பது இருந்தால் போதும். கடவுச்சொல் இடம்பெறத் தேவையில்லை. சிக்கிய கணக்குகளின் கடவுச்சொற்களை மாற்றச் செய்வதோடு, அச்சொற்களின் வடிவங்களைத் தடைப் பட்டியலில் சேர்த்தால், அடுத்த முறை பயனர் அவற்றைத் தேர்ந்தெடுக்கும்போதே சர்வர் மறுத்துவிடும்.