ஜார்ஜ் பெஸ்டுக்குப் புதுக் கல்லீரல் கிடைத்தது, அப்புறம்?

குடியால் கல்லீரல் கெட்டுப்போன கால்பந்து வீரர் ஜார்ஜ் பெஸ்டுக்கு 2002இல் லண்டனில் கல்லீரல் மாற்று அறுவை சிகிச்சை நடந்தபோது அவருக்கு வயது 56. அடுத்த ஆண்டே மறுபடி குடிக்க ஆரம்பித்தார். 2004இல் குடித்துவிட்டுக் கார் ஓட்டிய வழக்கில் ஓட்டுநர் உரிமம் பறிபோனது. 2005 நவம்பர் 25 அன்று, 59 வயதில், இறந்துபோனார். யாரோ ஒருவரின் குடும்பம் துக்கத்துக்கு நடுவிலும் மனதார தானம் கொடுத்த கல்லீரலை இப்படி வீணாக்கிவிட்டாரே என்று பிரிட்டனில் பலர் கொதித்தார்கள்.

அந்தக் கோபத்தில் நியாயம் இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் குடிநோய்ப் பிரிவில் வேலை பார்க்கும் மனநல மருத்துவராக எனக்கு அந்தக் கதையில் வேறொன்று உறுத்துகிறது. கல்லீரலுக்கு உலகத்தரமான வைத்தியம் கிடைத்த அந்த மனிதரின் குடிநோய்க்கு, அதே அளவு விடாப்பிடியான, வருடக்கணக்கான வைத்தியம் நடந்ததா? நம் ஊர் மருத்துவமனைகளிலும் இதே கேள்வியை நான் வாராவாரம் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

பெஸ்டைத் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம். 1946இல் வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்டில் பிறந்தவர். அப்பா கப்பல் கட்டும் தளத்தில் தொழிலாளி. 15 வயதில் இங்கிலாந்தின் மான்செஸ்டர் யுனைடெட் கிளப் கூப்பிட்டது. போனார், வீட்டு ஞாபகம் தாங்காமல் இரண்டே நாளில் ஊருக்குத் திரும்பி ஓடி வந்துவிட்டார், அப்புறம் சமாதானப்படுத்தி மறுபடி அழைத்துப் போனார்கள். 17 வயதில் முதல் ஆட்டம். 1966இல் லிஸ்பனில் போர்ச்சுகல் கிளப்பான பென்ஃபிகாவை 5-1 என்று வென்ற ஆட்டத்துக்குப் பிறகு, நீளமான முடியோடு இருந்த அந்தப் பையனைப் பத்திரிகைகள் பீட்டில்ஸ் பாடகர்களோடு சேர்த்து எழுதின. 1968இல் வெம்ப்ளியில் ஐரோப்பியக் கோப்பை, அதே ஆண்டு ஐரோப்பாவின் சிறந்த வீரர் விருது. 22 வயதில் உச்சம். 1974 புத்தாண்டு தினத்தில் யுனைடெட்டுக்காகக் கடைசி ஆட்டம். அப்போது வயது 27. ஒரு கால்பந்து வீரரின் நல்ல வருடங்கள் ஆரம்பிக்கிற வயதில் அவருடைய பெரிய ஆட்டம் முடிந்துவிட்டது. அதன் பிறகும் இங்கிலாந்தில், ஸ்காட்லாந்தில், அமெரிக்காவில் என்று கிளப் கிளப்பாக மாறி மாறி ஆடினார், எங்கேயும் நிலைக்கவில்லை.

நடுவே நடந்ததுதான் எங்களைப் போன்றவர்கள் தினமும் பார்ப்பது. பயிற்சிக்கு வராமல் போவது, ஆட்டத்துக்கான ரயிலைத் தவறவிடுவது, திடீரென்று ஓய்வு அறிவிப்பது, திரும்பி வருவது, மறுபடி காணாமல் போவது. ஒவ்வொரு முறையும் யாராவது மன்னித்துச் சேர்த்துக்கொண்டார்கள், ஏனென்றால் பந்து காலில் பட்டால் அவர் அற்புதம் செய்தார். 1970இல் தடைக்காலம் முடிந்து வந்த ஆட்டத்தில், நார்தாம்ப்டனுக்கு எதிராக ஒருவரே ஆறு கோல் போட்டார். அப்படி ஆடுகிறவரிடம் உனக்கு வியாதி இருக்கிறது என்று யார் சொல்வார்கள்? என்னிடம் வருகிற நல்ல கொத்தனார், நல்ல டிரைவர், நல்ல கணக்காளர் எல்லோருக்கும் இதே கதைதான். "சார், வேலையில அவரை அடிச்சுக்க ஆள் கிடையாது" என்று மனைவி பெருமையாகச் சொல்வார். வேலை ஓடுகிறவரை வியாதி யார் கண்ணிலும் படுவதில்லை.

பெஸ்டும் தன் குடியைப் பற்றி ஜோக் அடிப்பார். நிறைய பணத்தை மதுவுக்கும் பெண்களுக்கும் வேகமான கார்களுக்கும் செலவழித்தேன், மிச்சத்தை வீணடித்துவிட்டேன் என்று அவர் சொன்னதாக ஒரு வசனம் இன்றைக்கும் போஸ்டராகச் சுற்றுகிறது. அதைப் பகிராதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். அதைச் சொன்னவரின் அம்மாவும் குடியால் இறந்தவர். நடுவயது வரை குடியைத் தொடாமல் இருந்த அந்த அம்மா, மகனின் புகழும் அவமானமும் வீட்டுக்குள் வந்த பிறகு குடிக்கப் பழகி, 1978இல் ஐம்பதுகளின் நடுவில் காலமானார். ரத்த உறவில் ஒருவருக்குக் குடிநோய் இருந்தால் மற்றவருக்கும் வரும் வாய்ப்பு கூடுதல். ஆபத்தில் ஏறக்குறைய பாதி பரம்பரையிலிருந்து வருகிறது. உங்கள் வீட்டில் அப்பாவோ மாமாவோ குடியால் போயிருந்தால், வளர்கிற பிள்ளையிடம் அதை மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

1984இல் குடித்துவிட்டுக் கார் ஓட்டி, நீதிமன்றத்துக்கு வராமல் போய், போலீஸ்காரரையும் தாக்கியதற்காகச் சிறைக்குப் போனார். வைத்தியமும் பார்த்தார்கள். டைசல்ஃபிரம் மாத்திரைகளை வயிற்றுப் பகுதியில் வைத்துத் தைத்தார்கள். இந்த மருந்து உடம்பில் இருக்கும்போது குடித்தால், சாராயம் செரிமானமாகும் வழியில் உண்டாகிற ஒரு நச்சுப்பொருள் அப்படியே ரத்தத்தில் தேங்கும். முகம் சிவக்கும், தலை வெடிக்கும், வாந்தி வரும், நெஞ்சு படபடக்கும். அந்தப் பயத்தில் குடிக்காமல் இருப்பார் என்பது கணக்கு. மருந்தைத் தைத்து வைத்தால் ரத்தத்தில் போதுமான அளவு சேர்வதில்லை என்பது பிறகு தெரிந்தது. அப்படியே சேர்ந்தாலும் பயம் மட்டும் ஆசையை ஆற்றாது.

இந்த மருந்தைப் பற்றிக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். "அவருக்குத் தெரியாம சாம்பார்ல கலந்து கொடுக்கலாமா டாக்டர்?" என்ற கேள்வியை நான் கேட்காத மாதம் கிடையாது. சிலர் மெடிக்கல் ஷாப்பில் வாங்கிக் கலந்தே விடுகிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். விஷயம் தெரியாமல் அவர் ஒரு குவார்ட்டர் அடித்தால் ரத்த அழுத்தம் சரிந்து, இதயம் தாறுமாறாகத் துடித்து, உயிரே போகலாம். இதய நோயும் கல்லீரல் நோயும் உள்ளவர்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம். இது நோயாளி சம்மதித்து, ரத்தப் பரிசோதனை பார்த்து, மருத்துவர் மேற்பார்வையில் எடுக்க வேண்டிய மருந்து. ஆசையைக் குறைக்கிற வேறு மருந்துகளும் இருக்கின்றன.

2000இல் பெஸ்டுக்குக் கல்லீரல் மோசமாகக் கெட்டிருப்பது தெரிந்தது. கல்லீரல் கடைசிவரை வலிக்காது. மஞ்சள் காமாலை, வயிற்றில் நீர், ரத்த வாந்தி என்று வெளியே தெரியும்போது பெரும்பகுதி போயிருக்கும். அறுவை சிகிச்சையில் ஏராளமாக ரத்தம் போய், உயிர் பிழைத்ததே பெரிய விஷயம். ஆனால் மாற்றியது கல்லீரலைத்தான். இருபது முப்பது வருடக் குடியில் பழகிப்போன மூளை அப்படியேதான் இருந்தது. கூடவே புதிய உறுப்பை உடம்பு ஒதுக்காமல் இருக்க, நோய் எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மாத்திரைகளை வாழ்நாள் முழுக்கச் சாப்பிட வேண்டும். அதனால் தொற்றுகள் எளிதாக வரும். 2005 அக்டோபரில் சிறுநீரகத் தொற்றோடு க்ராம்வெல் மருத்துவமனைக்குப் போனவர் வீடு திரும்பவில்லை. இறப்பதற்குச் சில நாள் முன்பு, மஞ்சள் பாரித்த முகத்தோடு படுக்கையில் கிடக்கும் தன் படத்தைப் பத்திரிகையில் போடச் சம்மதித்தார், தன்னைப் போல் யாரும் சாகக்கூடாது என்ற வேண்டுகோளோடு.

நம் வார்டுகளில் நடப்பதைப் பாருங்கள். வயிற்று நீரை எடுப்பார்கள், ரத்தம் ஏற்றுவார்கள், எண்டோஸ்கோபியில் ரத்தக்குழாயைக் கட்டுவார்கள், டிஸ்சார்ஜ் சீட்டின் கடைசி வரியில் மது அருந்தக் கூடாது என்று எழுதி அனுப்புவார்கள். சர்க்கரை நோயாளியின் அழுகிய விரலை எடுத்துவிட்டு, சர்க்கரைக்கு ஒரு மாத்திரைகூட எழுதாமல் அனுப்புவதுபோல இது. உடம்பு தேறியதும் அவர் திரும்பக் குடிக்கிறார், நாம் திமிர் என்கிறோம்.

"மாலை போட்டா 48 நாள் தொடவே மாட்டார், மனசு வெச்சா முடியுதுல்ல?" என்பது அடுத்த வாதம். முடிகிறது, உண்மைதான். பெஸ்டுக்கும் அறுவை சிகிச்சைக்குப் பிறகு பல மாதங்கள் முடிந்தது. விடுவது ஒரு வேலை, விட்ட பிறகு வருகிற தூக்கமின்மை, எரிச்சல், வெறுமை, பழைய கூட்டாளி, சம்பள நாள் சாயங்காலம் இவற்றையெல்லாம் தாண்டி விட்ட நிலையிலேயே இருப்பது வேறு வேலை. மாலையைக் கழற்றுகிற நாளில் எங்களிடம் வரச் சொல்லி நான் கெஞ்சுவது இதனால்தான். தினமும் குடிப்பவர் வீட்டிலேயே திடீரென நிறுத்துவதும் சரியில்லை: முதல் சில நாட்களில் கைநடுக்கம், வலிப்பு, இல்லாத பூச்சியைப் பிடிக்கிற மாதிரியான குழப்பம் வரலாம், அது உயிருக்கே ஆபத்து.

இதே இங்கிலாந்தில் டோனி ஆடம்ஸ் இருக்கிறார். ஆர்சனல் கால்பந்து அணிக்குக் கேப்டனாக இருந்தவர், 1990இல் குடித்துக் கார் ஓட்டியதற்காகச் சிறை போனவர். வெளியே வந்தும் சில வருடம் குடித்தார். 1996 செப்டம்பரில் சக வீரர்களைக் கூப்பிட்டு உட்கார வைத்து, நான் குடிநோயாளி என்று சொன்னார். குடியை விட நினைப்பவர்கள் கூடி ஒருவருக்கொருவர் துணை நிற்கும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டங்களுக்குப் போனார், ஆலோசனைக்குப் போனார். 1998லும் 2002லும் ஆர்சனல் லீக், எஃப்.ஏ. கோப்பை இரண்டையும் வென்றபோது அவர்தான் கேப்டன். 2000இல் விளையாட்டு வீரர்களுக்கென்றே ஸ்போர்ட்டிங் சான்ஸ் என்ற சிகிச்சை அமைப்பைத் தொடங்கினார். பெஸ்டைவிட மன உறுதியில் உயர்ந்தவர் என்று நான் நினைக்கவில்லை. குடிநோய்க்கான வைத்தியத்தைப் பிடித்துக்கொண்டு விடாமல் இருந்தார், வேலையிடமும் கூட நின்றது.

உங்கள் வீட்டில் யாராவது குடியால் கல்லீரல் கெட்டு மருத்துவமனையில் படுத்திருந்தால், டிஸ்சார்ஜுக்கு முன்பே மனநல மருத்துவர் ஒருமுறை பார்க்கட்டும் என்று வார்டு டாக்டரிடம் வாய் திறந்து கேளுங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. அரசின் மனநலத் தொலைபேசி உதவிச் சேவையான டெலி மானஸின் 14416 எண்ணுக்கு எந்த நேரமும் இலவசமாகக் கூப்பிட்டுத் தமிழிலேயே பேசலாம். அவர் வர மாட்டேன் என்று அடம்பிடித்தால் மனைவியோ அம்மாவோ அண்ணனோ மட்டும் முதலில் வாருங்கள். எங்களிடம் பாதிப் பேருடைய சிகிச்சை அப்படித்தான் ஆரம்பிக்கிறது.