பொய் சொன்னால் எங்கே பிடிபடும்? கம்பைலரும் ரிஸ்க்-ஃபைவ் சில்லும்

பினாங்குத் தமிழர்களுக்குச் சில்லு புதிதல்ல. 1972-இல் இண்டெல் பாயான் லெப்பாஸில் ஆலை திறந்தது. அதையொட்டி வந்த ஆலைகளுக்கெல்லாம் ஷிஃப்ட் பஸ் பிடித்து வேலைக்குப் போன அக்காமார்களும் அண்ணன்மார்களும் எத்தனையோ பேர். சில்லை வெட்டி, கால் ஒட்டி, பொதிந்து, சோதித்துப் பெட்டியில் அடுக்குவது வரை அவர்களுக்கு அத்துப்படி. ஆனால் அந்தச் சில்லுக்குள் ஓடும் நிரல் எப்படி அதற்கே ஏற்ற வடிவத்துக்கு வருகிறது என்று கேட்டால், கணினி படித்தவர்களில் கூடப் பலர் ‘அதைக் கம்பைலர் பார்த்துக்கொள்ளும்’ என்று சொல்லி நகர்ந்துவிடுவார்கள்.

கம்பைலர் என்பது நாம் எழுதும் நிரலைச் சில்லுக்குப் புரியும் ஆணைகளாக மாற்றும் மென்பொருள். அது பார்த்துக்கொள்ளாது. அது சில்லைப் பார்ப்பதே இல்லை என்பதுதான் விஷயம்.

நீங்கள் மடிக்கணினியில் சி மொழியில் ஒரு நிரல் எழுதுகிறீர்கள். அது ஓடப் போவதோ மேசையில் கிடக்கும் விரல் நீளச் சர்க்யூட் போர்டில். கம்பைலர் இருப்பது மடிக்கணினியில். போர்டு யூஎஸ்பி கம்பியில் தொங்கிக்கொண்டிருந்தாலும் கம்பைலருக்கு அதைப் பற்றி எதுவும் தெரியாது. அங்கே என்ன செயலி இருக்கிறது, அதற்குப் பெருக்கத் தெரியுமா, தசம எண் கணக்குத் தெரியுமா, நினைவகம் எந்த முகவரியில் தொடங்குகிறது, எல்லாவற்றையும் நீங்கள்தான் சொல்ல வேண்டும். சொல்வதற்கான வழி, கட்டளை வரியில் ஒரு சிறு கோடும் ‘எம்’ என்ற எழுத்தும் போட்டுத் தொடங்கும் தெரிவுகள். எம் என்றால் மெஷின். ஜிசிசி கம்பைலரில் ஒவ்வொரு செயலிக் குடும்பத்துக்கும் இப்படித் தனிப் பட்டியல் உண்டு. ஆங்கில எழுத்தில் தட்ட வேண்டியவற்றை இங்கே ஒலிப்படி தமிழில் எழுதுகிறேன்.

எடுத்துக்காட்டுக்கு ரிஸ்க்-ஃபைவ் குடும்பத்தை எடுத்துக்கொள்ளலாம். 2010-இல் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் தொடங்கிய வடிவமைப்பு இது. யாரும் உரிமக் கட்டணம் கட்டாமல் பயன்படுத்தலாம். சென்னை ஐஐடியின் ‘சக்தி’ செயலி இந்தக் குடும்பம்தான். மலேசியா 2025 மார்ச்சில் ஆர்ம் நிறுவனத்தின் செயலி வடிவமைப்புகளைப் பெறப் பத்தாண்டுகளில் 25 கோடி அமெரிக்க டாலர் கொடுக்க ஒப்பந்தம் போட்டது. ரிஸ்க்-ஃபைவில் அந்தச் செலவு இல்லை என்றாலும், தயாரான வடிவமைப்பு கையில் இருப்பதற்கும் விதிப்புத்தகம் மட்டும் இலவசமாகக் கிடைப்பதற்கும் நிறைய வித்தியாசம் உண்டு. அந்த விவாதம் இங்கே வேண்டாம். நான் இதைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் வேறு: மற்றக் குடும்பங்கள் ஒரு மாடல் பெயருக்குள் ஒளித்து வைப்பதை இது எழுத்து எழுத்தாக வெளியே போட்டுவிடுகிறது.

முதல் தெரிவு ‘-எம்ஆர்ச்’. சில்லுக்கு என்னென்ன ஆணைகள் தெரியும் என்பதை இது சொல்கிறது. ‘-எம்ஆர்ச்=ஆர்வி32ஐஎம்சி’ என்று எழுதினால், 32 பிட் ரிஸ்க்-ஃபைவ், ஐ என்ற அடிப்படை முழு எண் ஆணைகள், எம் என்ற பெருக்கல் வகுத்தல், சி என்ற சுருக்க ஆணைகள், அவ்வளவுதான் இருக்கிறது என்று பொருள். ஏ சேர்ந்தால் பல கோர்கள் (செயலிக்குள் ஆணைகளைத் தனித்தனியே நிறைவேற்றும் பகுதிகள்) ஒரே நினைவகத்தைச் சண்டையில்லாமல் தொடுவதற்கான ஆணைகள். எஃப் சேர்ந்தால் 32 பிட் தசம எண் கணக்கு, டி சேர்ந்தால் 64 பிட்.

பெருக்கல் கூட விருப்பத் தேர்வா என்று வியக்க வேண்டாம். பத்து அமெரிக்க சென்ட் சில்லு என்று பெயர் வாங்கிய சிஎச்32வி003-இல் எம் கிடையாது. 48 மெகாஹெர்ட்ஸ், 2 கிலோபைட் ரேம், நிரலைச் சேமிக்க 16 கிலோபைட் ஃபிளாஷ். கணக்குப் போடும் எண்களைச் செயலி தனக்குள்ளேயே வைத்துக்கொள்ளும் பதிவகங்கள் கூட வழக்கமான 32 இல்லை, 16தான். அதற்காகவே ஐ-க்குப் பதில் ஈ என்ற எழுத்து. இந்தச் சில்லுக்கு நீங்கள் இரண்டு எண்களைப் பெருக்கச் சொன்னால் கம்பைலர் பெருக்கல் ஆணை எழுதாது. தன்னோடு வரும் சிறு நூலகத்திலிருந்து ஒரு ஃபங்ஷனை அழைக்கும். அது எண்ணை இடப்பக்கம் நகர்த்தி, கூட்டி, மறுபடி நகர்த்தி, மறுபடி கூட்டி விடையைச் சேர்க்கும். பத்தால் பெருக்குவது போன்ற நிலையான கணக்கு என்றால் அந்த ஃபங்ஷனும் தேவைப்படாது: எட்டு மடங்கையும் இரண்டு மடங்கையும் கூட்டினால் போதும் என்று கம்பைலரே கண்டுபிடித்துவிடும். சி நிரலில் ஒரு எழுத்துக் கூட மாறவில்லை. மாறியது கட்டளை வரியில் ஓர் எழுத்து.

சுருக்க ஆணைகளைக் குறிக்கும் சி என்ற எழுத்து எனக்கு மிகவும் பிடித்தது. அடிப்படை ஆணைகள் ஒவ்வொன்றும் 32 பிட் நீளம். அடிக்கடி வரும் ஆணைகளை 16 பிட்டில் அடக்கலாம் என்பதுதான் சி. நிரலின் அளவு 25 முதல் 30 சதவீதம் வரை குறையும் என்கிறது ரிஸ்க்-ஃபைவ் விதிப்புத்தகம். 16 கிலோபைட் ஃபிளாஷில் இது பெரிய விஷயம். சரி, 32 பிட் ஆணையும் 16 பிட் ஆணையும் கலந்து கிடந்தால் எது எங்கே முடிகிறது என்று செயலிக்கு எப்படித் தெரியும்? ஆணையின் கடைசி இரண்டு பிட்டைப் பார்க்கும். இரண்டுமே 1 என்றால் முழு நீள ஆணை. வேறு எதுவாக இருந்தாலும் சுருக்க ஆணை. அவ்வளவு எளிது. சி இல்லாத செயலி இப்படி ஓர் ஆணையைச் சந்தித்தால் ‘எனக்குத் தெரியாத ஆணை’ என்று நின்றுவிடும்.

கவனிக்க வேண்டிய இடம் அதுதான். ‘-எம்ஆர்ச்’சில் நீங்கள் சொல்வதைக் கம்பைலர் அப்படியே நம்பும். பல கோப்புகளை ஒன்றாகக் கோக்கும் லிங்கரும் கேள்வி கேட்காது. ஒரு கோப்பு ஐஎம்சி, இன்னொன்று ஐஎம்ஏஎஃப்சி என்றால் இரண்டின் எழுத்துகளையும் சேர்த்துக்கொண்டு பேசாமல் போய்விடும். பொய் பிடிபடுவது போர்டில்தான். அதுவும் அந்தக் குறிப்பிட்ட ஆணை வரும்போதுதான்.

பினாங்கின் பிறையில் மின்னணுவியல் பழகும் பையன் ஒருவன், “அண்ணே, கம்பைல் ஆச்சு, விளக்கும் மின்னுது, ஆனா கொஞ்ச நேரத்துல தானா ரீசெட் ஆயிடுதே” என்று கேட்டான். இஎஸ்பி32-சி3 போர்டு. 160 மெகாஹெர்ட்ஸில் ஓடும் ஒற்றை ரிஸ்க்-ஃபைவ் கோர், ஆர்வி32ஐஎம்சி. எங்கிருந்தோ எடுத்த மேக்ஃபைலில் (கம்பைல் செய்யும் கட்டளைகளை எழுதிவைக்கும் கோப்பு) எஃப் என்ற எழுத்து கூடுதலாக இருந்தது. விளக்கை மின்ன வைக்கத் தசம எண் தேவையில்லை. வெப்பநிலையைத் தசமத்தில் கணக்கிடும் வரி வந்ததும் செயலி திகைத்து நின்றது. எஃப்-ஐ எடுத்துவிட்டால் அதே கணக்கை நூலக ஃபங்ஷன் செய்து கொடுக்கும். மெதுவாகத்தான், ஆனால் சரியாக.

மேசைக்கணினிக்காரர்கள் சிரிக்க வேண்டாம், அவர்களுக்கும் இது உண்டு. ‘-எம்ஆர்ச்=நேட்டிவ்’ என்று போட்டால் கம்பைலர் தான் ஓடும் கணினியையே ஆராய்ந்து அதன் எல்லா ஆணைகளையும் பயன்படுத்தும். அந்த நிரலைப் பழைய கணினிக்குக் கொண்டுபோனால் ‘இல்லீகல் இன்ஸ்ட்ரக்‌ஷன்’ என்று செத்துவிடும். பழையது என்றால் ஆண்டை வைத்துக் கணக்குப் போடவும் முடியாது. ஒரே நேரத்தில் பல எண்களைக் கையாளும் ஏவிஎக்ஸ்2 ஆணைகள் 2013-இல் இண்டெலின் ஹாஸ்வெல் தலைமுறையோடு வந்தன. ஆனால் அதே தலைமுறை பெண்டியம், செலரான் சில்லுகளில் அவை முடக்கப்பட்டிருந்தன. ஏவிஎக்ஸ்-512 இதைவிட வேடிக்கை: 11-ஆம் தலைமுறையில் இருந்தது, 2021-இல் வந்த 12-ஆம் தலைமுறையில் இண்டெல் அதை முடக்கிவிட்டது. புதியது வாங்கினால் கூடுதலாகத்தான் இருக்கும் என்ற நம்பிக்கை அங்கே உடைந்தது.

இரண்டாவது தெரிவு ‘-எம்ஏபிஐ’. ஒரு ஃபங்ஷன் இன்னொன்றை அழைக்கும்போது மதிப்புகளை எந்தப் பதிவகத்தில் வைத்துக் கொடுப்பது என்ற உடன்பாடு. ‘எல்பி64’ என்றால் லாங் வகை எண்ணும், நினைவக முகவரியை வைத்திருக்கும் பாயின்டரும் 64 பிட். தசம எண்களும் ஏ0, ஏ1 என்ற சாதாரண முழு எண் பதிவகங்களிலேயே போகும். கடைசியில் டி சேர்த்து ‘எல்பி64டி’ என்றால் தசம எண்கள் எஃப்ஏ0 முதல் எஃப்ஏ7 வரையுள்ள தனிப் பதிவகங்களில் போகும். ஒருவர் வலக்கைப் பையில் வைத்ததை இன்னொருவர் இடக்கைப் பையில் தேடினால் என்ன ஆகும்? கைக்குக் கிடைப்பதை எடுத்துக்கொண்டு போவார். செயலியும் அப்படித்தான். நின்றுபோகாது, எஃப்ஏ0-வில் ஏற்கெனவே கிடந்த ஏதோ ஓர் எண்ணை வைத்துக் கணக்கை முடித்துவிடும். விடை தப்பு என்று யாருக்கும் தெரியாது.

இவ்வளவு ஆபத்தானது என்பதால் இங்கே காவல் பலம். தசமப் பதிவகமே இல்லாத சில்லு என்று சொல்லிவிட்டு ‘எல்பி64டி’ கேட்டால் கம்பைலரே மறுத்துவிடும். இரண்டு கோப்புகளில் இரண்டு உடன்பாடு இருந்தால் லிங்கர் மறுக்கும். ஒவ்வொரு கோப்பின் தலைப்பகுதியிலும் இதற்கென்று சில பிட்டுகள் குறிக்கப்பட்டிருக்கின்றன. ‘சாஃப்ட்-ஃப்ளோட்’, ‘டபுள்-ஃப்ளோட்’ என்று புலம்பும் பிழைச்செய்தி வந்தால் எரிச்சல்படாதீர்கள், அது உங்களை வாரக்கணக்கான தேடலிலிருந்து காப்பாற்றிய செய்தி.

மூன்றாவது ‘-எம்சிமாடல்’. இதற்குக் காரணம் ஒரு சின்ன நெருக்கடி. ஆணையின் நீளமே 32 பிட்தான் என்றால் அதற்குள் ஒரு முழு முகவரியை எப்படி எழுதுவது? முடியாது. எனவே இரண்டு ஆணைகளாகப் பிரிக்கிறார்கள். முதலாவது மேல் 20 பிட்டைக் கொடுக்கும், இரண்டாவது கீழ் 12 பிட்டைச் சேர்க்கும். ‘மெட்லோ’ என்ற முறையில் இந்த 32 பிட்டும் பூஜ்ஜியத்திலிருந்து எண்ணப்படும் முகவரி. ‘மெட்எனி’ என்ற முறையில் அது நிரல் இப்போது நிற்கும் இடத்திலிருந்து எண்ணப்படும் தூரம்.

64 பிட் போர்டுகளில் வேடிக்கை தொடங்குகிறது. ரேமைப் பதினறும எண்ணில் 80000000 என்ற முகவரியில், அதாவது மிகச் சரியாக 2 ஜிபி எல்லையில் தொடங்குவது ரிஸ்க்-ஃபைவ் உலகில் பழக்கமாகிவிட்டது. கியூஈஎம்யூ என்ற மென்பொருள் போர்டிலும் அப்படித்தான். அந்த எண்ணின் முதல் பிட் 1. முதல் பிட் 1 என்றால் 64 பிட் செயலி அதை எதிர்ம எண்ணாக எடுத்துக்கொண்டு, மேலே மிச்சமுள்ள 32 பிட்டையும் 1-ஆல் நிரப்பிவிடும். முகவரி எங்கோ வானத்துக்குப் போய்விடும். ஆகவே ‘மெட்லோ’ எட்டுவது 2 ஜிபிக்குச் சற்றுக் கீழே வரைதான். ரேம் தொடங்குவதோ 2 ஜிபியில். வாசற்படியில் நின்றுவிடுகிறது. ‘ரீலொக்கேஷன் ட்ரங்கேட்டட் டு ஃபிட்’ என்று லிங்கர் சொன்னால், முகவரி பிட்டுக்குள் அடங்கவில்லை என்று பொருள். ‘மெட்எனி’ என்று மாற்றினால் சரியாகிவிடும், ஏனென்றால் நிரலும் அதே ரேமில்தான் உட்கார்ந்திருக்கிறது, தூரம் குறைவு. ஒற்றைச் சொல்லைத் தேடி ராத்திரி முழுக்க உட்காருகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

‘-எம்ட்யூன்’ பற்றிச் சொல்ல அதிகமில்லை. எந்த ஆணைகள் இருக்கின்றன என்பதை அது மாற்றாது. இருக்கும் ஆணைகளை எந்த வரிசையில் அடுக்கினால் குறிப்பிட்ட கோர் காத்திருக்காமல் ஓடும் என்பதை மட்டும் மாற்றும். தப்பாகப் போட்டால் நிரல் கொஞ்சம் மெதுவாகும், அவ்வளவே. பொய் சொன்னாலும் எங்குமே பிடிபடாத ஒரே தெரிவு இது.

ஆனால் ‘-எம்சிபியூ’ என்று ஒன்று இருக்கிறதே, அதைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வரும். ஆர்ம் குடும்பத்தில் அது ஆர்ச்சையும் ட்யூனையும் சேர்த்துக் குறிக்கும். இண்டெல் குடும்பத்தில் அது ட்யூனுக்கான பழைய பெயர், பயன்படுத்த வேண்டாம் என்றே ஜிசிசி சொல்கிறது. ஒரே பெயர், இரண்டு வாக்குறுதி. ஒரு சில்லின் மேக்ஃபைலை இன்னொன்றுக்கு நகலெடுக்காமல் இருக்க இதைவிட நல்ல காரணம் தேவையில்லை.

ஏற்கெனவே கம்பைல் ஆன கோப்பு என்ன நம்பிக்கையில் எழுதப்பட்டது என்று பார்க்க ‘ரீட்எல்ஃப்’ என்ற கருவி உதவும். ‘-எச்’ போட்டால் ஏபிஐ, அதாவது பதிவக உடன்பாடு தெரியும். பெரிய ‘-ஏ’ போட்டால் எம்ஆர்ச் எழுத்து வரிசை முழுவதும் தெரியும். லினக்ஸ் ஓடும் போர்டு என்றால் சிபியூஇன்ஃபோ கோப்பில் சில்லின் எழுத்து வரிசையும் கிடைக்கும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட வேண்டியதுதான்.

அப்புறம் இன்னொரு சங்கடம். எழுத்துகளின் பொருளே மாறலாம். தொடக்கத்தில் ஐ என்ற எழுத்துக்குள்ளேயே செயலியின் கட்டுப்பாட்டுப் பதிவகங்களைத் தொடும் ஆணைகளும் அடங்கியிருந்தன. பின்னர் விதிப்புத்தகம் அவற்றை ‘ஸிசிஎஸ்ஆர்’ என்று தனியாகப் பிரித்தது. 2022-இல் ஜிசிசி 12 இந்தப் புதிய கணக்குக்கு மாறியபோது, நேற்றுவரை கம்பைல் ஆன நிரல்கள் ‘ஸிசிஎஸ்ஆர் தேவை’ என்று நின்றன. சில்லும் மாறவில்லை, நிரலும் மாறவில்லை. பழைய வரிசைக்குப் பின்னால் ஓர் அடிக்கோடு போட்டு அந்தப் பெயரையும் ஒட்டினால் மறுபடி ஓடும்.

இப்படி ஒட்டி ஒட்டி வரிசை ரயில் பெட்டி போல நீண்டுவிட்டதால், தொகுப்புக்கு ஒரே பெயர் கொடுக்கும் ‘ப்ரொஃபைல்’ முறை வந்திருக்கிறது. 2024 அக்டோபரில் உறுதியான ஆர்விஏ23 தொகுப்பில், ஒரே ஆணையில் பல எண்களைக் கையாளும் வெக்டர் ஆணைகள் கட்டாயம். லினக்ஸ் வகைகளில் ஒன்றான உபுண்டு 25.10 தன் ரிஸ்க்-ஃபைவ் பதிப்பை இந்தத் தொகுப்புக்கென்றே கம்பைல் செய்தது. அதற்கு முன் வெளிவந்த போர்டுகளில் பெரும்பாலானவை இதை நிறைவு செய்யாதவை என்பதால், அவற்றை வைத்திருப்பவர்கள் 24.04 பதிப்பிலேயே தங்க வேண்டியிருக்கிறது.