அமுக்கி விட்டா வலி ஏன் குறையுது?

மசாஜ் சென்டர் போர்டுல "உடம்புல தேங்கின கழிவெல்லாம் வெளியேறும்"னு போட்டிருக்கறத பாத்திருப்பீங்க. ஜிம்ல கேட்டா அதையே கொஞ்சம் ஸ்டைலா "லாக்டிக் ஆசிட் கரையும் ப்ரோ"ம்பாங்க. ரெண்டுமே கதைதான். ஓடி முடிச்சதும் ரத்தத்துல ஏறியிருக்கற லாக்டேட்ட (லாக்டிக் ஆசிட்னு சொல்றது இதத்தான்) உடம்பே ஒரு மணி நேரம் போல எடுத்துகிட்டு காலி பண்ணிடும், யாரும் வந்து அமுக்க வேண்டியதில்ல, மறுநாள் படி இறங்கும்போது தொடை வலிக்குதே அது தசையில ஏற்பட்ட நுண்ணிய சேதமும் அதனால வர்ற அழற்சியும். கழிவுக்கு கிட்னியும் லிவரும் இருக்கு.

அப்ப மசாஜ்ல ஒண்ணுமே இல்லையான்னா, இருக்கு. ஆனா வேற இடத்துல.

கட்டில் கால்ல முட்டிய இடிச்சுகிட்டா யாரும் சொல்லாமயே கை போய் தேய்க்குது இல்லையா, அங்கேருந்து ஆரம்பிக்கலாம். வலிய தூக்கிட்டு போற நரம்புல சி ஃபைபர்னு மெல்லிசான வகை ஒண்ணு, அதுல செய்தி செகண்டுக்கு சுமாரா 1 மீட்டர்தான் நகரும். தொடுறதையும் அழுத்துறதையும் சொல்ற ஏ-பீட்டா நரம்பு தடிமனானது, செகண்டுக்கு 35 மீட்டருக்கு மேல பாயும். ரெண்டும் தண்டுவடத்துக்குத்தான் வந்து சேருது, அங்க தொடு செய்தி நிறைய குவிஞ்சா நடுவுல உக்காந்திருக்கற குட்டி நரம்பு செல்லுங்க வலி செய்திய மூளைக்கு முழுசா ஏற விடாம அடக்கிடும். 1965ல ரொனால்ட் மெல்சாக், பாட்ரிக் வால்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் இத 'கேட் கன்ட்ரோல்' தியரின்னு எழுதினாங்க. நுணுக்கங்கள் பின்னாடி மாறிடுச்சு, அடிப்படை இன்னும் நிக்குது.

எனக்கு இதவிட சுவாரசியமா பட்டது இன்னொரு நரம்பு. முடி இருக்கற தோல்ல, அதாவது முதுகு, கை, கால்ல, சி-டாக்டைல்னு ஒண்ணு இருக்கு. செகண்டுக்கு 1லேருந்து 10 சென்டிமீட்டர் வேகத்துல மெதுவா நீவினாதான் இது நல்லா முழிச்சுக்கும், அதுவும் உடம்புச் சூட்டுல இருக்கற கைன்னா இன்னும் நல்லா. எங்க தொட்டாங்கன்னு துல்லியமா சொல்ற வேலை இதுக்கு இல்ல, மூளையில உணர்ச்சியோட சம்பந்தப்பட்ட இன்சுலாவுக்கு போய் "இது இதமா இருக்கு"ன்னு சொல்றதுதான் வேலை. பாட்டி முதுக தடவி விட்டா தூக்கம் வர்றதுக்கு இதுவும் ஒரு காரணம்.

சரி, தசையில ஒண்ணுமே நடக்கலையான்னா, 2012ல கனடாவோட மெக்மாஸ்டர் யுனிவர்சிட்டில 11 பசங்கள களைச்சுப்போற வரைக்கும் சைக்கிள் மிதிக்க வெச்சு, ஒரு கால்ல மட்டும் 10 நிமிஷம் மசாஜ் பண்ணி, ரெண்டு கால்லேருந்தும் தசைத்துணுக்கு எடுத்து பாத்தாங்க. மசாஜ் பண்ண கால்ல அழற்சி சிக்னல் கம்மி. லாக்டேட்டுல வித்தியாசமே இல்ல! ரொம்ப சின்ன ஆய்வுதான், இருந்தாலும் லாக்டிக் ஆசிட் கதைக்கு நல்ல பதில்.

மனசு பக்கம் வந்தா, ஒரு தடவை மசாஜ் முடிஞ்சதும் படபடப்பு குறையுது, நாடித்துடிப்பும் கொஞ்சம் இறங்குதுன்னு பல ஆய்வுகள சேத்து பாத்ததுல தெரியுது. கார்ட்டிசால்ங்கற ஸ்ட்ரெஸ் ஹார்மோன் தடாலடியா குறையும்ங்கறது மட்டும் ஊதிப் பெருக்கினது, எல்லா ஆய்வையும் சேத்து பாத்தா குறையறது ரொம்ப கொஞ்சம்தான்.

குறைமாசக் குழந்தைங்க விஷயம்தான் ஆச்சரியம். 1986ல அமெரிக்காவுல டிஃபனி ஃபீல்டு குழு நாளைக்கு மூணு வேளை, வேளைக்கு 15 நிமிஷம்னு 10 நாள் உடம்ப நீவி கை கால மடக்கி நீட்டி விட்டாங்க, அந்த குழந்தைங்க மத்ததவிட 47 சதவீதம் வேகமா எடை ஏறி, 6 நாள் முன்னாடியே வீட்டுக்கு போச்சு. மிதமான அழுத்தம், மூளையிலேருந்து வயிறு வரைக்கும் போற வேகஸ் நரம்ப தூண்டி வயித்த சுறுசுறுப்பாக்குதுன்னு பின்னாடி விளக்கம் வந்துச்சு. நம்ம ஊர்ல குழந்தைக்கு எண்ணெய் தேச்சு உருவி விடுறதும் இதே வழிதான், ஆனா மூக்குல எண்ணெய் விடுறத தயவுசெஞ்சு விட்டுடுங்க, அது நுரையீரலுக்குள்ள போனா நிமோனியா வரும்.

பெரியவங்களுக்கும் ரெண்டு விஷயம். சலூன்ல கழுத்த 'டக்'குன்னு திருப்பி சொடுக்கு எடுக்கறது வேண்டாம், மூளைக்கு போற ரத்தக்குழாயோட உள்சுவர் கிழிஞ்சு பக்கவாதம் வந்த ஆளுங்க உண்டு. அப்புறம் ஒத்தக் கால் மட்டும் திடீர்னு வீங்கி சூடா வலிச்சா சுளுக்குன்னு நினைச்சு உருவாதீங்க, உள்ள ரத்தக்கட்டி இருந்தா அது கழண்டு நுரையீரலுக்கு போகும், நேரா டாக்டர்கிட்ட போங்க.