உள்ளிருந்து அரிக்கும் ஆக்சிஜன்

செயற்கைக்கோளுக்குக் கறுப்புப் பெயின்ட் அடித்துவிட்டால் யார் கண்ணிலும் படாதே என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். 2020-இல் ஸ்பேஸ்எக்ஸ் ஒரு ஸ்டார்லிங்க் செயற்கைக்கோளின் சில பாகங்களைக் கறுப்பாக்கிப் பார்த்தது. மினுக்கம் குறைந்தது, ஆனால் கறுப்பு வெயிலை உறிஞ்சிச் சூடேறியது. சூடேறியது அகச்சிவப்புக் கேமராவில் நன்றாகவே தெரியும்.

ஒளிந்துகொள்ளக் கண்ணாடிதான் நல்லது! வழவழப்பான கண்ணாடி வெயிலை ஒரே திசையில் திருப்பும். அந்தத் திசையில் பூமி இல்லாதபடி சாய்த்துவிட்டால், கீழிருந்து பார்ப்பவருக்கு அதில் தெரிவது இருண்ட வானம் மட்டுமே. உலோகப் பரப்பு என்றால் ரேடார் அலையும் அப்படியே வேறு பக்கம் போய்விடும். ஊதி விரிக்கும் கூம்புத் திரையால் செயற்கைக்கோளை இப்படி மறைக்கும் யோசனைக்கு 1994-இல் அமெரிக்காவில் காப்புரிமையே கொடுத்திருக்கிறார்கள்.

சரி, அந்தப் பளபளப்பு எத்தனை நாள் தாங்கும்?

சில நூறு கிலோமீட்டர் உயரத்தில் புற ஊதா ஒளி ஆக்சிஜன் மூலக்கூறை இரண்டாகப் பிளந்துவிடுகிறது. காற்று அவ்வளவு மெல்லியது என்பதால், பிரிந்த அணுக்கள் மறுபடி ஜோடி சேர ஆள் கிடைப்பதில்லை. நொடிக்கு ஏறத்தாழ 7.8 கிலோமீட்டர் வேகத்தில் போகும் செயற்கைக்கோள் இந்த ஒற்றை அணுக்கள்மீது மோதுகிறது. பிளாஸ்டிக்கின் கார்பன் வாயுவாகிப் பறந்துவிடும். வெள்ளி கறுத்து உதிரும். அலுமினியமோ தன்மேல் மெல்லிய ஆக்சைடுத் தோலைப் போர்த்திக்கொண்டு தப்பிக்கிறது.

அப்படியானால் பிளாஸ்டிக்மேல் அலுமினியம் பூசிவிட்டால் போதுமே? பூசும்போது தூசி இருந்த இடத்தில் ஓர் ஊசித்துளை விழுந்திருக்கும். அதற்குள் நுழையும் அணு முதல் மோதலிலேயே வினைபுரிய வேண்டுமென்பதில்லை. தெறித்துப் பக்கச் சுவரில் மோதும், அங்கே கொஞ்சம் தின்னும். வாசல் ஊசிமுனை, உள்ளே குகை! இருபுறமும் பூசினால் இன்னும் மோசம்: உள்ளே போன அணு வெளியேற வழியில்லாமல் தின்றுகொண்டே இருக்கும். சர்வதேச விண்வெளி நிலையத்தில் சூரியத்தகட்டுப் பெட்டியின் உறைக்கு ஓராண்டில் இதுதான் நடந்தது. கறையான் தின்ற கதவில் பெயின்ட் மட்டும் மிஞ்சுவதுபோல, நடுவிலிருந்த கேப்டான் (Kapton) என்ற பிளாஸ்டிக் போய்க் கிழிந்த அலுமினியப் படலம்தான் மிஞ்சியது.

இதற்குக் குறுக்குவழி கிடையாது. பொருள்களின் மாதிரித் துணுக்குகளை விண்வெளியில் தொங்கவிட்டுக் காத்திருக்க வேண்டும். 1984-இல் அனுப்பிய எல்டிஇஎஃப் என்ற ஆய்வுக்கலம் ஏறக்குறைய ஓராண்டில் திரும்பியிருக்க வேண்டியது, 1990-இல்தான் வந்தது. அந்தத் தாமதம் வரமாக அமைந்தது. துணுக்குகளை வெயிலில் காயப்போடவா இத்தனை பணம் என்று கேட்பவர்களிடம் எனக்குப் பொறுமை கிடையாது.

ஏனென்றால் அரித்துச் சொரசொரப்பான கண்ணாடி, வெயிலை ஒரே திசையில் அனுப்பாது, நாலாபுறமும் இறைக்கும். அதில் ஒரு பங்கு பூமிக்கும் வரும்.