வரைபடத்தில் இரண்டு, மண்ணுக்கடியில் ஒன்று

2001 ஜூலை 18 அன்று, அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் ஹோவர்ட் தெருவுக்கு அடியில் உள்ள சுரங்கப்பாதையில் ஒரு சரக்கு ரயில் தடம்புரண்டு தீப்பிடித்தது. அந்தச் சுரங்கத்தின் வழியே பல தொலைத்தொடர்பு நிறுவனங்களின் ஒளியிழை வடங்கள் சென்றதால், அவையும் தீயில் சேதமடைந்து, பால்டிமோருக்கு வெளியிலும் இணையம் மந்தமானது. ஒன்று அறுந்தாலும் மற்றது காக்கும் என்று நம்பி இரு நிறுவனங்களிடம் இணைப்பு வாங்குபவர், இரண்டும் ஒரே சுரங்கத்தில் ஓடுமானால், உண்மையில் ஓர் இணைப்பைத்தான் வாங்கியிருக்கிறார்.

இதன் பின்னுள்ள கணக்கு எளிது. ஒரு பாதை ஆண்டில் 99.9 விழுக்காடு நேரம் இயங்குகிறது என்றால், அது ஏறத்தாழ 8 மணி 45 நிமிடம் செயலிழந்து கிடக்கிறது. அதே தரத்தில் இன்னொரு பாதையைச் சேர்த்தால், இரண்டும் ஒரே வேளையில் செயலிழக்கும் வாய்ப்பு ஆயிரத்தில் ஒன்றை ஆயிரத்தில் ஒன்றால் பெருக்கிய அளவு, அதாவது பத்து லட்சத்தில் ஒன்று. ஆண்டுக்கு வெறும் 32 வினாடி. ஆனால் ஒன்றின் பழுதுக்கும் மற்றதன் பழுதுக்கும் தொடர்பில்லை என்றால் மட்டுமே இப்படிப் பெருக்க முடியும். இரண்டும் கடந்து செல்லும் ஒரு பாலம் ஆண்டுக்கு ஒரு மணி நேரம் பழுதாகும் என்று வைத்துக்கொண்டால், மற்ற இடங்களில் எவ்வளவு செலவிட்டாலும் அந்த ஒரு மணி நேரத்தைக் குறைக்க இயலாது.

நகர வலையமைப்புகளில் நெடுங்காலமாக வழங்கிவரும் தீர்வு வளையம். வளையத்தில் அமைந்த எந்த இரு நிலையங்களுக்கும் இடையே வலமாக ஒன்றும் இடமாக ஒன்றுமாக இரு வழிகள் உண்டு. ஓரிடத்தில் வடம் அறுந்தால், தகவல் 50 மில்லிவினாடிக்குள் எதிர்த்திசைக்கு மாறிவிடும் என்பதால், தொலைபேசியில் பேசிக்கொண்டிருப்பவருக்கு அது பெரும்பாலும் தெரிவதே இல்லை. இதற்கு ஈடாகக் கொள்ளளவில் பாதியைச் சும்மா வைத்திருக்க வேண்டும். இரண்டாவது வெட்டு விழுந்தால் வளையம் இரு துண்டாகும். ஆகவே நாடளாவிய முதுகெலும்பு வலையமைப்புகளில் ஒவ்வொரு நிலையத்தையும் மூன்று, நான்கு திசைகளில் பின்னி, உபரிக் கொள்ளளவைப் பல பாதைகள் பகிர்ந்துகொள்ளுமாறு அமைக்கிறார்கள்.

இப்படிப் பின்னிய வலையில் ஒன்றோடொன்று சேராத இரு பாதைகளைத் தேடுவதில் ஒரு பொறி இருக்கிறது. மிகக் குறுகிய பாதையை முதலில் எடுத்துக்கொண்டு, எஞ்சியதில் அடுத்ததைத் தேடுவதுதான் இயல்பாகத் தோன்றும் முறை. ஆனால் வடக்கே ஒரு நிலையமும் தெற்கே ஒரு நிலையமும் இருந்து, குறுகிய பாதை முதலில் வடக்கு நிலையத்தையும் பிறகு குறுக்கு இணைப்பின் வழியே தெற்கு நிலையத்தையும் தொட்டுச் செல்லுமானால், இரண்டையுமே அது பிடித்துக்கொள்ளும். இரண்டாவது பாதைக்கு இடமே இராது. வடக்கே ஒன்று, தெற்கே ஒன்று எனச் சற்று நீளமான இரண்டைத் தேர்ந்திருந்தால் இந்தச் சிக்கலே எழுந்திராது. இரு பாதைகளையும் தனித்தனியே தேடாமல் ஒரு சோடியாகவே கண்டறியும் வழிமுறையைச் சூர்பாலே என்ற ஆய்வாளர் 1974இல் வெளியிட்டார்.

கணினி எவ்வளவு சரியாகக் கணக்கிட்டாலும், அதற்குக் கிடைக்கும் வரைபடம் மண்ணின் உண்மையைச் சொல்ல வேண்டும். அதனால் ஒவ்வொரு இணைப்பும் எந்தக் குழாய், எந்தப் பாலம், எந்த மின்நிலையத்தை நம்பியிருக்கிறது என்று குறித்துவைத்து, பொதுவான குறிப்புள்ள இணைப்புகள் ஒன்றுக்கொன்று மாற்றாக அமையாதபடி தடுக்கிறார்கள். இந்தப் பதிவேட்டைப் பேணுவதே இத்துறையின் மிகக் கடினமான வேலை என்று நான் கருதுகிறேன். சாலைப் பணிக்காக ஒரு வடத்தை இடம்மாற்றிவிட்டுப் பதிவைத் திருத்தாமல் விட்டால், அடுத்த விபத்து வரை அந்தப் பிழை யாருக்கும் தெரியாது.

எவ்வளவு விலகல் போதும் என்பதை எதிர்பார்க்கும் ஆபத்துதான் முடிவு செய்கிறது. மண் தோண்டும் இயந்திரத்துக்கு அடுத்த தெரு போதும்; நிலநடுக்கத்துக்குப் போதாது. 2006 டிசம்பர் 26 அன்று தைவானுக்குத் தெற்கே நிலம் அதிர்ந்தபோது, கடலடியில் சரிந்த சேறும் மணலும் பள்ளத்தாக்கு வழியே நெடுந்தொலைவு பாய்ந்து 9 வடங்களை அறுத்தன. அவை தனித்தனி வடங்கள்தான்; ஆயினும் தென்கிழக்கு ஆசியாவிலிருந்து ஜப்பானுக்கும் அமெரிக்காவுக்கும் செல்ல வசதியான, தைவானுக்கும் பிலிப்பைன்ஸுக்கும் இடையிலுள்ள லூசோன் நீரிணையை நாடி எல்லாமே அங்கே குவிந்திருந்தன. அவற்றைச் சீராக்க 11 கப்பல்களுக்கு 49 நாள் பிடித்தது. வேறு வழியில் சுற்றிச் செல்வதற்கும் விலை உண்டு: இழைக்குள் ஒளி வினாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் வேகத்தில் செல்வதால், கூடுதலான ஒவ்வொரு 200 கிலோமீட்டரும் ஒரு மில்லிவினாடித் தாமதத்தைக் கூட்டுகிறது, நீளும் தொலைவுக்கேற்ப, மங்கும் ஒளியை வலுப்படுத்தும் கடலடிப் பெருக்கிகளும் கூடுதலாகத் தேவைப்படுகின்றன.